தொலைந்த பொதி திரும்பி வந்தால்: பொருளும் நட்டஈடும் இரண்டும் நமக்கா?

இணையத்தில் பொருள் வாங்குபவர்களுக்கும், வெளிநாட்டில் இருக்கும் உறவினர்கள் அனுப்பும் பெட்டிக்காகக் காத்திருப்பவர்களுக்கும் பழக்கமான நிலைமை இது. கண்காணிப்பு இலக்கத்தைப் போட்டுப் பார்த்தால் பொதி கொழும்புக்கு வந்துவிட்டதாகக் காட்டுகிறது. அதன் பிறகு வாரக்கணக்கில் எந்த அசைவும் இல்லை. தபாலகத்தில் கேட்டால் தெரியாது என்கிறார்கள். அனுப்பியவர் முறைப்பாடு செய்கிறார். படிவங்கள் நிரப்பப்படுகின்றன. கடைசியில் பொதி தொலைந்துவிட்டதாக ஏற்றுக்கொள்ளப்பட்டு, காப்புறுதியின் மூலம் பணமோ அதே மாதிரியான புதிய பொருளோ வந்து சேர்கிறது. இரண்டு மாதங்கள் கழித்து, எல்லோரும் மறந்துவிட்ட ஒரு நாளில், தபாற்காரர் வாசலில் நின்று மணியடிக்கிறார். அவரது கையில் அந்தப் பழைய பொதி.

இப்போது வீட்டில் ஒரே பொருள் இரண்டு இருக்கிறது. அல்லது பொருளும் இருக்கிறது, அதற்கான பணமும் இருக்கிறது. "நாங்கள் ஒன்றும் பொய் சொல்லவில்லையே, அவர்களாகத்தானே தந்தார்கள்" என்று ஒருவர் சொல்வார். "பெரிய கம்பனி, அவர்களுக்கு இது ஒரு காசா" என்று இன்னொருவர் சொல்வார். "சொன்னால் தேவையில்லாத கரைச்சல்" என்பது மூன்றாவது குரல். மூன்றிலும் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் மூன்றுமே கேள்விக்கான பதில் அல்ல.

சட்டமும் காப்புறுதி வழக்கமும் தபால் விதிகளும் இந்த விடயத்தில் ஏறக்குறைய ஒரே பதிலைத்தான் தருகின்றன. பொருளை வைத்திருக்கலாம், அல்லது நட்டஈட்டை வைத்திருக்கலாம். நட்டஈடு தந்தவர் தெரிந்துகொண்டு சம்மதித்தால் தவிர, இரண்டையும் வைத்திருக்க முடியாது.

'தொலைந்தது' என்பதன் பொருள்

முதலில் ஒரு பயத்தை நீக்கிவிடலாம். பொதி பிறகு வந்து சேர்ந்துவிட்டது என்பதால், முன்னர் செய்த கோரிக்கை பொய்க் கோரிக்கை ஆகிவிடாது. ஒரு பொருள் உலகத்தில் எங்குமே இல்லை என்று எவராலும் நிரூபிக்க முடியாது. அதனால் காப்புறுதித் துறை, நியாயமான காலம் காத்திருந்தும் தேடியும் கிடைக்காத பொருளைத் தொலைந்ததாகக் கொள்கிறது.

கடல் வணிகத்தில் இருந்து வந்த வழக்கம் இது. கப்பல் ஒன்று காணாமற்போய், நியாயமான காலத்துக்குள் எந்தச் செய்தியும் வராவிட்டால், அது முற்றாக இழக்கப்பட்டதாக ஊகிக்கலாம் என்று பிரித்தானியாவின் 1906ஆம் ஆண்டு கடற்காப்புறுதிச் சட்டம் சொல்கிறது. விமானப் பயணப் பொதிகளுக்கு 1999ஆம் ஆண்டின் மொன்றியல் சமவாயம் திட்டமான காலத்தையே வைத்திருக்கிறது. வந்து சேர்ந்திருக்க வேண்டிய நாளில் இருந்து 21 நாட்கள் கடந்தும் பொதி வராவிட்டால், அது தொலைந்துவிட்டது என்ற அடிப்படையில் பயணி தன் உரிமையைக் கோரலாம்.

ஆகவே, உண்மையாகவே பொதி வராத நிலையில் 'வரவில்லை' என்று எழுதிக் கொடுத்தவர் எந்தத் தவறும் செய்யவில்லை. நேர்மை பற்றிய கேள்வி, பொதி வந்து சேர்ந்த நாளில்தான் ஆரம்பமாகிறது.

காப்புறுதி எதற்காகப் பணம் தருகிறது?

உயர்தரத்தில் வணிகக் கல்வி படித்தவர்களுக்கு நட்டஈட்டுத் தத்துவம் நினைவிருக்கும். காப்புறுதி செய்தவரை, இழப்பு ஏற்படுவதற்கு முன்பிருந்த நிலைக்குக் கொண்டுவருவதே நட்டஈட்டின் நோக்கம். அதைவிட நல்ல நிலைக்குக் கொண்டுபோவது அதன் வேலை அல்ல. தீ விபத்தால் ஒருவர் இலாபம் அடையலாம் என்றால் தீப்பெட்டிக்கு வேலை வந்துவிடும். பொதி தொலைவதால் இலாபம் வரும் என்றால், பொதிகள் அடிக்கடி தொலையத் தொடங்கும்.

இந்தத் தத்துவத்துக்கு எடுத்துக்காட்டாக இன்றும் சொல்லப்படும் வழக்கு 1883இல் இங்கிலாந்தில் தீர்க்கப்பட்ட காஸ்டெலைன் எதிர் பிரெஸ்டன். லிவர்பூலில் இருந்த ஒரு கட்டடத்தை உரிமையாளர் 3,100 பவுணுக்கு விற்க ஒப்பந்தம் செய்திருந்தார். விற்பனை முடிவதற்குள் தீப்பிடித்துச் சேதம் ஏற்பட்டது. காப்புறுதி நிறுவனம் 330 பவுண் கொடுத்தது. பிறகு வாங்குபவர், ஒப்பந்தப்படி முழு விலையையும் கொடுத்துவிட்டார். உரிமையாளருக்கு உண்மையில் எந்த இழப்பும் மிஞ்சவில்லை. அந்த 330 பவுணைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்தது. பணம் வாங்கிய நேரத்தில் அவர் எதையும் மறைக்கவில்லை. ஆனாலும் இழப்பு இல்லாமற்போனபோது, பணத்தை வைத்திருப்பதற்கான காரணமும் இல்லாமற்போனது.

நமது கேள்விக்கு இன்னும் நெருக்கமானது 1930இல் வந்த ஹோம்ஸ் எதிர் பெய்ன் என்ற வழக்கு. ஒரு பெண்ணின் முத்துமாலை காணாமற்போனது. தேடியும் கிடைக்கவில்லை. காப்புறுதி செய்தவர்கள் பணத்துக்குப் பதிலாக மாற்று நகைகள் தருவதாக ஒப்புக்கொண்டார்கள். சில மாதங்களின் பின், அவரது மேலங்கி ஒன்றின் உட்துணிக்குள் இருந்து அந்த மாலை வெளிப்பட்டது. மாலை தொலையவே இல்லை, எனவே ஒப்பந்தமும் செல்லாது என்று காப்புறுதி செய்தவர்கள் வாதிட்டார்கள். நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. நியாயமாகத் தேடியும் கிடைக்காததால் அப்போது அது தொலைந்த பொருள்தான், மாற்று நகை தரும் ஒப்பந்தம் செல்லும் என்றது. அதேவேளை, கிடைத்த முத்துமாலை மீட்புப் பொருளாகக் காப்புறுதி செய்தவர்களுக்கே உரியது.

இந்தத் தீர்ப்பு இரண்டு பக்கமும் வெட்டுகிறது. கொடுத்த மாற்றுப் பொருளை நினைத்தபடி பறிக்கக் காப்புறுதி நிறுவனத்துக்கு உரிமை இல்லை. மாற்றுப் பொருளோடு பழைய பொருளையும் வைத்துக்கொள்ள வாடிக்கையாளருக்கும் உரிமை இல்லை. முழு நட்டஈடு கொடுத்தவுடன், தொலைந்த பொருளின் மீதான உரிமை கொடுத்தவரின் பக்கம் போய்விடுகிறது.

லண்டன் லொயிட்ஸ் நிறுவனத்தின் மண்டபத்தில் தொங்கும் மணியும் இதே கதையைத்தான் சொல்கிறது. 1799 ஒக்டோபரில் லூட்டின் என்ற கப்பல் தங்கத்தோடும் வெள்ளியோடும் ஒல்லாந்துக் கரைக்கு அருகே மூழ்கியது. லொயிட்ஸ் காப்புறுதியாளர்கள் நட்டஈட்டைச் செலுத்தினார்கள். அதனால் கடலடியில் கிடந்த செல்வத்துக்கு உரிமை கோரக்கூடியவர்களாக அவர்களே ஆனார்கள். 1858இல் மீட்கப்பட்ட அந்தக் கப்பலின் மணி, கப்பல் தொலைந்த செய்திக்கு ஒரு முறையும், தாமதமான கப்பல் பத்திரமாக வந்த செய்திக்கு இரண்டு முறையும் அடிக்கப்பட்டது. காணாமற்போனது திரும்பி வருவதும் காப்புறுதித் தொழிலில் எதிர்பார்க்கப்பட்ட ஒன்றுதான். அதற்கு விதிகளும் உண்டு.

தபாலில் வந்தால்

தபால் பொதிகளுக்கு இந்த விதி இன்னும் தெளிவாக எழுதப்பட்டிருக்கிறது. 1874இல் உருவான சர்வதேச தபால் ஒன்றியத்தில் இலங்கையும் உறுப்பு நாடு. நட்டஈடு கொடுக்கப்பட்ட பின்னர் பதிவுத் தபாலோ பொதியோ காப்புறுதித் தபாலோ கண்டுபிடிக்கப்பட்டால் என்ன செய்வது என்பது அந்த ஒன்றியத்தின் சமவாய விதிகளில் இருக்கிறது. நட்டஈட்டைப் பெற்றவருக்கு அறிவிக்க வேண்டும். பெற்ற தொகையைத் திருப்பிக் கொடுத்தால் பொருளைப் பெற்றுக்கொள்ளலாம். இதற்கு மூன்று மாதங்கள் அவகாசம். அவர் மறுத்தால் அல்லது பதில் தராவிட்டால், மறுபக்கத்தில் இருப்பவரிடம், அதாவது அனுப்பியவர் அல்லது பெறுநரிடம், அதே கேள்வி கேட்கப்படும். இருவரும் வேண்டாம் என்றால் பொருள் தபால் நிர்வாகத்துக்கு உரியதாகிவிடும்.

இதில் கவனிக்க வேண்டியது, தெரிவு வாடிக்கையாளரிடம் விடப்பட்டிருப்பது. ஓர் உதாரணத்தை எடுத்துக்கொள்வோம். சென்னையில் இருந்து யாழ்ப்பாணத்துக்குக் கூறைச்சேலை ஒன்று பொதியில் அனுப்பப்படுகிறது. அது வந்து சேரவில்லை. நட்டஈடு கிடைக்கிறது. அந்தரப்பட்டு வேறு சேலை வாங்கிக் கலியாணமும் முடிந்துவிடுகிறது. அதன் பிறகுதான் பொதி கண்டுபிடிக்கப்படுகிறது. அந்தக் குடும்பத்துக்கு இனி அந்தச் சேலை தேவையில்லை. வேண்டாம் என்று சொல்லி நட்டஈட்டோடு நிற்க அவர்களுக்கு உரிமை உண்டு. தாமதத்தால் பயனற்றுப்போன பொருளைக் கட்டாயம் ஏற்க வேண்டும் என்று எவரும் சொல்லவில்லை.

மாறாக, பாட்டியின் பழைய அட்டியல் ஒன்றைச் சிறிய தொகைக்குப் பெறுமதி குறித்து அனுப்பியிருந்தால் நிலைமை வேறு. கிடைத்த நட்டஈடு அட்டியலின் உண்மையான பெறுமதியில் சிறு பங்குதான். அப்போது அந்தச் சிறு தொகையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு அட்டியலை மீட்பதே குடும்பத்துக்கு நல்லது. விதி அதற்கும் இடம் தருகிறது. "சொன்னால் பொருளைப் பறித்துவிடுவார்கள்" என்ற பயத்தில் மறைப்பவர்கள் பலர், சொல்லியிருந்தால் தங்களுக்கு விருப்பமானதையே வைத்திருந்திருக்கலாம்.

இலங்கைச் சட்டத்தில் இதன் இடம்

ஆங்கில வழக்குகள் நமக்கு எதற்கு என்று கேட்கலாம். 1852ஆம் ஆண்டின் 5ஆம் இலக்க சிவில் சட்டக் கட்டளைச் சட்டம், கடல்சார் விடயங்கள், உயிர்க் காப்புறுதி, தீக் காப்புறுதி, தரைவழியாகப் பொருள் காவிச் செல்லல் போன்றவற்றில் இங்கிலாந்துச் சட்டத்தை இலங்கைக்குள் கொண்டுவந்தது. அதனால் இங்குள்ள காப்புறுதிப் பத்திரங்களும் அந்தத் தத்துவங்களைச் சுற்றியே எழுதப்படுகின்றன. பத்திரத்தின் பின்பக்கச் சிறு எழுத்துகளில் மீட்புப் பொருள், நிறுவனத்துக்கு மாறும் உரிமைகள் பற்றி ஒரு வாசகமாவது இருக்கும். பணம் பெறும்போது கையொப்பமிடும் தீர்வுக் கடிதத்திலும் அது இருக்கலாம்.

ஒப்பந்தத்தில் எதுவும் எழுதப்படாவிட்டாலும், நாட்டின் பொதுச் சட்டமான உரோமன் டச்சுச் சட்டம் இருக்கிறது. உரிய காரணம் இன்றி ஒருவர் இன்னொருவரின் செலவில் பயனடைந்தால் அதைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்பது அதன் பழைய கோட்பாடு. பணம் கொடுக்கப்பட்டபோது காரணம் இருந்து, பின்னர் அந்தக் காரணம் அற்றுப்போனாலும் திருப்பிக் கோர அதில் வழி உண்டு.

குற்றவியல் பக்கத்தையும் அறிந்திருப்பது நல்லது. 1883ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 386ஆம் பிரிவு, அசையும் சொத்தை நேர்மையீனமாகத் தன்வயப்படுத்துவது பற்றியது. அதற்குத் தரப்பட்டுள்ள விளக்க உதாரணம் ஒன்றின் சாரம் இதுதான்: இன்னொருவரின் பொருளைத் தன்னுடையது என்று நம்பி எடுத்தவர் திருடர் அல்ல, ஆனால் தவறு தெரிந்த பிறகும் நேர்மையீனமாகத் தனக்கே பயன்படுத்திக்கொண்டால் குற்றவாளி ஆகிறார். தொலைந்து கிடைத்த பொதி ஒவ்வொன்றும் பொலிஸ் வரை போகும் என்று இதற்கு அர்த்தம் இல்லை. பெரும்பாலான சம்பவங்கள் கடிதத்தோடோ தொலைபேசி அழைப்போடோ முடியக்கூடிய சிவில் விடயங்கள். ஆனால் பொதி வந்த பிறகு, "வந்ததா?" என்று கேட்கப்படும்போது "இல்லை" என்று எழுதிக் கொடுப்பது வேறு விடயம். அங்கே மௌனம் பொய்யாக மாறுகிறது. பொய் சொல்லிப் பணம் பெறுவது ஏமாற்றுதல்.

'கேட்காமல் வந்தது இலவசம்' என்ற நம்பிக்கை

சமூக ஊடகங்களில் அடிக்கடி பகிரப்படும் தகவல் ஒன்று உண்டு. அமெரிக்காவிலும் பிரித்தானியாவிலும் கேட்காமல் வீட்டுக்கு வந்த பொருளை வைத்துக்கொள்ளலாம் என்பது. அந்தச் சட்டங்கள் இருப்பது உண்மை. ஆனால் அவை வேறு நோய்க்கான மருந்து. யாரும் கேட்காத பொருளை வேண்டுமென்றே வீட்டுக்கு அனுப்பிவிட்டு, பிறகு பணம் கேட்டு மிரட்டும் வியாபாரத்தை நிறுத்தவே அவை கொண்டுவரப்பட்டன. நாமே ஓடர் செய்து, நாமே விலாசம் கொடுத்து, தாமதமாக வந்த பொதி கேட்காமல் வந்த பொருள் ஆகாது. இந்தத் தகவலை நம்பிக் கனடாவிலோ லண்டனிலோ இருக்கும் உறவினருக்கு ஆலோசனை சொல்பவர்களும் கவனிக்க வேண்டும்.

உண்மையில் யாருடைய காசு?

"பெரிய கம்பனிதானே" என்ற வாதத்துக்கு வருவோம். வாங்கியவரின் கைக்கு வந்த மாற்றுப் பொருள் எப்போதும் காப்புறுதி நிறுவனத்தின் பணத்தில் வருவதில்லை. சில வேளை பொதியைக் காவிச் சென்ற நிறுவனம் கொடுக்கிறது. சில வேளை இணையச் சந்தை கொடுத்துவிட்டு, விற்றவரின் கணக்கில் இருந்து கழித்துக்கொள்கிறது. பல வேளைகளில், காப்புறுதியே இல்லாத சிறு விற்பனையாளர் தன் கையிலிருந்து இரண்டாவது பொருளை அனுப்புகிறார்.

வீட்டிலிருந்தபடி ஆடை தைத்தும், கைப்பை பின்னியும், முகநூலிலும் இன்ஸ்டகிராமிலும் விற்கும் பெண்கள் நம் ஊர்களில் நிறையப் பேர். அப்படியான ஒருவருக்கு ஒரு பொதி தொலைந்தால், பல விற்பனைகளின் இலாபம் அதிலேயே போய்விடும். அவர் கெட்ட பெயர் வரக்கூடாது என்பதற்காக மறுபேச்சில்லாமல் இன்னொன்றை அனுப்புகிறார். முதல் பொதி பிறகு வந்ததை வாங்கியவர் சொல்லாவிட்டால், அந்த இழப்பு இல்லாமற்போனது அவருக்குத் தெரியவே வராது.

இன்னொருவரும் இருக்கிறார். பொதி தொலைந்தால் முதலில் சந்தேகத்துக்கு ஆளாவது அதைக் கடைசியாகக் கையாண்டவர். தபாற்காரர், கூரியர் நிறுவனத்தின் மோட்டார் சைக்கிள் பையன், களஞ்சியத்தில் பொதி பிரிப்பவர். அவர்களில் ஒருவரது பெயர் எங்கோ ஒரு விசாரணைக் கோப்பில் இருக்கலாம். பொதி கிடைத்துவிட்டது என்று சொல்லும் இரண்டு வரி மின்னஞ்சல், அவர் மீதான சந்தேகத்தைத் துடைக்கும். நட்டஈடு எவ்வளவு சிறியதாக இருந்தாலும் இந்தக் காரணம் சிறியதாவதில்லை.

பொதி வந்தால் என்ன செய்யலாம்?

முதலில், பொதியின் மேலுள்ள விலாசச் சீட்டையும் கண்காணிப்பு இலக்கத்தையும் படம் எடுத்து, வந்த திகதியைக் குறித்துக்கொள்ளுங்கள். உறையில் தபால் முத்திரை இருந்தால் அதையும் சேர்த்து எடுங்கள். தாமதத்துக்கான ஆதாரம் அதுதான். உறையை எறிந்துவிட வேண்டாம்.

இரண்டாவதாக, பொருளை உடனே விற்கவோ வேறு ஒருவருக்குக் கொடுக்கவோ வேண்டாம். அது யாருக்கு உரியது என்பது தெளிவாகும் வரை பத்திரமாக வையுங்கள். சேதமடைந்து வந்திருந்தால் அந்தச் சேதத்தையும் படம் எடுங்கள். சேதமடைந்த பொருளுக்கு முழுத் தொகையையும் திருப்பிக் கேட்பது நியாயமல்ல என்று வாதிட உங்களுக்கு இடம் உண்டு.

மூன்றாவதாக, நட்டஈடு யாரிடமிருந்து வந்ததோ அவருக்கு எழுதுங்கள். வெளிநாட்டில் இருந்து உறவினர் அனுப்பிய பெட்டி என்றால், கோரிக்கை செய்தவர் அந்த உறவினராக இருப்பார். அவரிடம் மறைக்காமல் சொல்லுங்கள். அவர்தான் நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டியவர். எழுதுவதற்குப் பெரிய வாசகம் தேவையில்லை:

"தொலைந்ததாக அறிவிக்கப்பட்ட இந்த இலக்கப் பொதி இன்று எனக்குக் கிடைத்தது. இதற்காக நீங்கள் ஏற்கெனவே மாற்றுப் பொருள் அனுப்பியிருந்தீர்கள். இரண்டில் ஒன்றைத் திருப்பி அனுப்ப வேண்டுமா, அதற்கான செலவை நீங்கள் ஏற்பீர்களா, அல்லது வேறு ஏற்பாடு உண்டா என்று அறியத் தரவும்."

செலவைப் பற்றிய கேள்வியை விட்டுவிடாதீர்கள். பொதி தாமதமானது உங்கள் தவறு அல்ல. திருப்பி அனுப்பும் தபால் செலவை உங்கள் கையிலிருந்து போட முன்னர், அதை யார் ஏற்பது என்பதை உறுதிப்படுத்துங்கள்.

பதில் பல விதமாக வரலாம். திருப்பி அனுப்பும் செலவு பொருளின் விலையைவிடக் கூடுதலாக இருந்தால், "நீங்களே வைத்துக்கொள்ளுங்கள்" என்று சொல்லும் விற்பனையாளர்கள் இருக்கிறார்கள். அப்போது இரண்டும் உங்களுடையது. அந்தப் பதிலை அழிக்காமல் சேமித்து வையுங்கள். தொலைபேசியில் சொன்னால், மின்னஞ்சலிலோ வட்ஸ்அப்பிலோ ஒரு வரி எழுதி அனுப்பும்படி கேளுங்கள். சிலர் பாதி விலைக்கு இரண்டாவதை வைத்துக்கொள்ளும்படி கேட்கக்கூடும். விருப்பம் என்றால் ஏற்கலாம். பதிலே வராவிட்டால் இரண்டு கிழமை கழித்து ஒரு நினைவூட்டல் அனுப்பிவிட்டு, இரண்டு கடிதங்களின் பிரதியையும் வைத்திருங்கள். அறிவித்தவர் மறைத்தவர் ஆகமாட்டார்.

காப்புறுதி நிறுவனத்தோடு பிணக்கு வந்தால், உதாரணமாக மாற்றுப் பொருளையும் பழைய பொருளையும் இரண்டையுமே திருப்பிக் கேட்டால், அந்த நிறுவனத்தின் முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுதுங்கள். அங்கே தீராவிட்டால் காப்புறுதி ஒம்புட்ஸ்மனிடமோ, இலங்கைக் காப்புறுதி ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவிடமோ போகலாம். பெரிய தொகை என்றால் சட்டத்தரணி ஒருவரின் ஆலோசனையைப் பெறுவது நல்லது.

ஓர் எச்சரிக்கையும் தேவை. தபால் திணைக்களத்தின் பெயரில் போலிக் குறுஞ்செய்திகள் அனுப்பி வங்கி அட்டை விபரங்களைத் திருடும் மோசடிகள் இங்கே நடந்திருக்கின்றன. "உங்கள் பொதி கிடைத்துவிட்டது, நட்டஈட்டைத் திருப்பிச் செலுத்த இந்த இணைப்பை அழுத்துங்கள்" என்று எவராவது செய்தி அனுப்பினால் அழுத்த வேண்டாம். முன்னர் கோரிக்கை செய்த அதே மின்னஞ்சல், அதே தொலைபேசி இலக்கம், அதே தபாலகம் ஆகியவற்றின் ஊடாகவே பேசுங்கள். பொருள் உங்கள் கையில் வராமல் பணம் திருப்பிக் கொடுக்க வேண்டிய தேவை எதுவும் இல்லை.

காப்புறுதி என்பது பலர் சிறு சிறு தொகை போட்டு, இழப்பு நேர்ந்த ஒருவருக்குக் கைகொடுக்கும் ஏற்பாடு. ஏறக்குறைய மரணாதாரச் சங்கம் மாதிரி. சாவு நடந்த வீட்டுக்குச் சங்கம் பணம் கொடுப்பதை எவரும் கேள்வி கேட்பதில்லை. இறந்ததாக எண்ணியவர் உயிரோடு வீடு வந்து சேர்ந்தால், அந்தப் பணத்தைச் சங்கத்துக்குத் திருப்பிக் கொடுக்க எந்த வீட்டுக்காரரும் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கப் போவதில்லை.